இழுப்பறையைக் கவிழ்த்துப் பார்த்தாயா?

2012இல் சிட்னியில் ஒரு பழம்பொருள் கடையில் 1,850 டாலர் கொடுத்து ஓர் இழுப்பறை அலமாரி வாங்கினேன். மேலே பக்கம் பக்கமாக இரண்டு சிறிய இழுப்பறைகள், கீழே மூன்று அகலமானவை. செம்பழுப்பு மரம், குனிந்தால் முகம் தெரியும் மெருகு. 1840ஐ ஒட்டிய வேலை, காலனிக் காலத்துச் சாமான் என்றார் கடைக்காரர். வீடு வந்து சேர்ந்த அன்று மாலையே கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஊரில் இருந்த அப்பாவைக் கணினித் திரையில் அழைத்துக் காட்டினேன். அப்பா ஐம்பது ஆண்டுகள் தச்சு வேலை செய்தவர். அலமாரியின் முகப்பை அவர் இரண்டு விநாடிகூடப் பார்க்கவில்லை.

"இழுப்பறையை உருவிக் கவிழ்த்துப் பார்த்தாயா, அம்மா?"

நான் பார்க்கவில்லை. பட்டறையில் மரத்தூளை அளைந்து வளர்ந்த பெண்தான், ஆனால் உளியையும் இழைப்புளியையும் ஒருநாளும் கவனித்ததில்லை. படிப்பு, வேலை, திருமணம், கடல் கடந்த குடித்தனம் என்று போய்விட்டது. நாற்பது வயதில், ஒன்பதாயிரம் கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்துகொண்டு, அவர் சொல்லச் சொல்ல ஒவ்வோர் இழுப்பறையாக உருவிக் காமிராவுக்கு முன்னால் பிடித்தேன்.

மேலே இருந்த சிறிய இழுப்பறைகள் இரண்டிலும் மூலைப் பொருத்துகள் கையால் வெட்டியவை. விரித்த புறா வால் போல மரத்தை வெட்டி ஒன்றோடொன்று கோக்கும் பொருத்து அது. ஒவ்வொரு வாலும் ஒரு மயிரிழை வேறுபட்டது. வாலுக்கு வால் நடுவே இருந்த முளைகள் மெல்லியவை, அடியில் குறிமுள்ளால் கீறிய கோடு தெரிந்தது. கீழே இருந்த மூன்றிலும் வாலும் முளையும் ஒரே அகலம், அச்சில் வார்த்தது போல. "இது கை வெட்டியது இல்லை, இயந்திரம்" என்றார் அப்பா. பிறகு கால்களைத் திருகிக் கழற்றச் சொன்னார். கால் உட்கார்ந்திருந்த இடத்தில் மரம் வெளுத்திருந்தது, அதன்மேல் சாயம் தடவிய தூரிகைத் தடம் அப்படியே இருந்தது. நூற்றெழுபது ஆண்டுப் பழைய சாமானில், கால் மூடியிருந்த இடத்தில் சாயம் தடவக் காரணமே இல்லை. கால்களைப் பிடித்திருந்த திருகாணிகளும் கூர்முனை கொண்டவை. 1850க்கு முந்தைய திருகாணிகளின் முனை மொட்டையாக இருக்கும், தலையில் உள்ள வெட்டு நடுவிலிருந்து சற்று விலகியிருக்கும் என்பதை நான் பின்னால்தான் கற்றேன்.

ஆக, ஒரு பழைய கூட்டுக்கு வேறொரு சாமானின் இழுப்பறைகளையும் புதுக் கால்களையும் சேர்த்திருந்தார்கள். இங்கே வியாபாரிகள் இதற்கு வைத்திருக்கும் பெயரே 'திருமணம்'தான். அப்படிச் சேர்ப்பது குற்றமில்லை, சேர்த்ததைச் சொல்லாமல் விற்பதுதான் தவறு. ரசீதை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். அதில் 'சிடார் இழுப்பறை அலமாரி' என்று மட்டும் எழுதியிருந்தது. 1840 என்ற எண் எங்கேயும் இல்லை. வியாபாரியிடம் வாங்கும் பொருள் அவர் தந்த விவரிப்போடு பொருந்த வேண்டும் என்று ஆஸ்திரேலிய நுகர்வோர் சட்டம் சொல்கிறது. ஆனால் அந்த விவரிப்பு எழுத்தில் இருந்தால்தானே வாதாட முடியும்? அன்றிலிருந்து எந்தக் கடையிலும் மூன்று விஷயங்களை ரசீதில் எழுதித் தரச் சொல்கிறேன்: எந்த மரம், எந்தக் காலம், எந்தெந்தப் பாகம் மாற்றப்பட்டது. நேர்மையான வியாபாரி தயங்காமல் எழுதித் தருகிறார். தயங்குபவரிடம் நான் வாங்குவதில்லை.

இந்த அனுபவத்தோடு ஒதுங்கியிருக்கலாம். ஆனால் அப்பாவோடு திரைக்கு முன்னால் கழித்த அந்த இரண்டு மணி நேரத்தில் ஒன்று பிடிபட்டது. வழவழப்பான முகப்பு யாருக்காகவோ செய்தது. பின்பலகையிலும் இழுப்பறை அடியிலும் செய்தவன் தனக்காக விட்டுவைத்த தடங்கள் இருக்கின்றன. அவற்றைப் படிக்கத் தெரிய வேண்டும் என்ற ஆசை வந்துவிட்டது.

நாங்கள் இருந்த வென்ட்வொர்த்வில்லிலிருந்து பத்து நிமிடக் கார்ப் பயணத்தில் பரமட்டா பூங்கா. அதற்குள் பழைய அரசு மாளிகை இருக்கிறது. 1799இல் கட்டத் தொடங்கி, மக்குவாரி ஆளுநராக இருந்தபோது விரிவுபடுத்தியது. ஆஸ்திரேலியாவில் இன்று நிற்கும் பொதுக் கட்டடங்களில் மிகப் பழையது. நம்மவர்கள் அந்தப் பூங்காவில் ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் ஆடுகிறார்கள், புளிசாதம் கட்டிக்கொண்டு போய் மரத்தடியில் உட்காருகிறார்கள், மாளிகைக்குள் நுழைகிறவர்கள் குறைவு. நான் ஒரு குளிர்காலம் முழுவதும் அங்கே போனேன். ஆரம்பகாலக் காலனி மரச்சாமான்களை ஒரே இடத்தில் இத்தனை அருகில் பார்க்க அதைப் போல இடம் கிடைப்பது அரிது. பார்த்துப் பார்த்துக் கண் பழகாமல் வாங்கப் போகக் கூடாது. நான் முதலில் வாங்கினேன், பிறகு பார்த்தேன். நீங்கள் அதை மாற்றிச் செய்யுங்கள்.

அங்கேதான் அந்த மரத்தைப் பற்றி முழுதாகத் தெரிந்துகொண்டேன். 1788இல் சிட்னித் துறையில் குடியேற்றம் தொடங்கிய சில ஆண்டுகளுக்குள் ஹாக்ஸ்பரி ஆற்றங்கரைகளில் செந்நிற மரம் ஒன்றைக் கண்டார்கள். நிறமும் மணமும் பார்த்துச் சிடார் என்று அழைத்தார்கள். உண்மையில் அது சிடார் இனமே இல்லை, வேம்பின் குடும்பம். ஆஸ்திரேலியாவின் பூர்வ மரங்களில் இலையுதிர்ப்பவை வெகு சில, அவற்றில் இது ஒன்று. வசந்தத்தில் தளிர் செக்கச்செவேல் என்று விடும். அந்தச் சிவப்பை மேட்டிலிருந்து பார்த்தே காட்டுக்குள் மரம் நிற்கும் இடத்தைக் கண்டுபிடித்தார்கள் வெட்டுக்காரர்கள். 1795இலேயே இந்த மரம் இந்தியாவுக்குக் கப்பலேறியது. 1802இல் ஆளுநர் கிங், அனுமதியில்லாமல் வெட்டக் கூடாது என்று ஹாக்ஸ்பரியில் ஆணையிட வேண்டியிருந்தது. வெட்டு நிற்கவில்லை. ஹண்டர், இல்லவாரா, மக்லே, கிளாரன்ஸ், ரிச்மண்ட், ட்வீட் என்று பகுதி பகுதியாக வடக்கிலும் தெற்கிலும் நகர்ந்தது. செம்பொன் என்றே அதற்குப் பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள் எளிதில் எட்டும் காடுகளில் பெருமரம் அற்றுப்போனது. அந்தக் காடுகள் டாருக், பண்ட்ஜலுங், கும்பாய்ங்கிர் போன்ற மக்களின் நிலம். அவர்களைக் கேட்டு யாரும் வெட்டவில்லை. என் வீட்டில் இருக்கும் ஒவ்வொரு சாமானுக்குள்ளும் அந்த உண்மையும் இருக்கிறது, அதை மறந்துவிட்டு இந்த மரத்தை ரசிக்க என்னால் முடியாது.

தோட்டமாக வளர்த்துவிடலாமே என்று தோன்றும். முயன்றிருக்கிறார்கள். ஓர் அந்துப்பூச்சியின் புழு கொழுந்துக்குள் புகுந்து நடுத்தண்டைத் தின்றுவிடுகிறது, மரம் நெட்டுக்கு வளராமல் புதராகிறது. அந்தக் காலத்து அகலப் பலகை இனி எளிதாகக் கிடைக்காது. பழைய சாமானைக் காப்பாற்ற வேண்டும் என்பதற்கு எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

தாவரப் பெயரைத் தேடியபோது டூனா சிலியாட்டா என்று வந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையிலும் அதே இனம் உண்டு என்றும் இருந்தது. அப்பாவிடம் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார். "சந்தன வேம்பா? அதையா இத்தனை நாளாக எனக்குக் காட்டிக்கொண்டிருந்தாய்? உளிக்கு வெண்ணெய் போல இருக்குமே" என்றார். அதற்குப் பிறகு அவருடைய கேள்விகளே மாறிவிட்டன. தெரிந்தவர் வீட்டுப் பிள்ளையை விசாரிப்பது போல விசாரித்தார்.

மஹாகனி என்று நினைத்துச் சிடாரை விட்டுவிடுபவர்களும் உண்டு, சிடார் என்று நம்பி மஹாகனியை வாங்குபவர்களும் உண்டு. இரண்டையும் பிரிக்க முதல் வழி எடை. சிடார் ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 450 கிலோ. மஹாகனி அதைவிடக் கனமானது. ஓர் இழுப்பறையை ஒரு கையால் தூக்கினாலே வித்தியாசம் தெரியும். சிடார் மென்மையான மரம். கண்ணில் படாத இடத்தில் நகத்தால் அழுத்தினால் தடம் விழும். அதனால் பழைய சிடாரில் விளிம்புகள் மழுங்கி, மேற்பலகையில் சிறு குழிகள் விழுந்திருப்பது இயல்பு. ஒரு கீறலும் இல்லாத 'பழைய' சிடார் மேசையைக் கண்டால் நான் சந்தேகப்படுகிறேன், யாரோ இழைத்துத் தள்ளியிருக்கிறார்கள்.

அடுத்தது உள்மரம். இங்கிலாந்தில் மஹாகனி விலையுயர்ந்த இறக்குமதி என்பதால் முகப்புக்கு மட்டும் அதைப் போட்டு, உள்ளே மலிவான பைனையோ ஓக்கையோ வைப்பது வழக்கம். சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸில் முதல் அரை நூற்றாண்டில் சிடார்தான் மலிவு. ஆகவே பின்பலகை, இழுப்பறை அடிப்பலகை எல்லாமே சிடாராக இருந்தால் அது உள்ளூர் வேலை என்பதற்கு நல்ல அடையாளம். இது சட்டமல்ல. பிற்காலச் சாமான்களில் இறக்குமதிப் பைன் வருகிறது. பூட்டைப் பார்த்து ஏமாறக் கூடாது. பூட்டும் கீலும் பெரும்பாலும் இங்கிலாந்திலிருந்து வந்தவை, அவற்றின் மேல் ஆங்கில முத்திரை இருப்பதால் அலமாரியும் ஆங்கிலேய வேலை ஆகிவிடாது.

பின்பலகையில் ரம்பத் தடத்தைப் பாருங்கள். டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் தெரியும். ஒருவன் குழிக்குள்ளும் ஒருவன் மேலேயும் நின்று அறுத்த பலகையில் தடங்கள் நேர்க்கோடாக, ஆனால் இடைவெளி ஒழுங்கில்லாமல் இருக்கும். கை சோர்ந்த இடம், மூச்சு வாங்கிய இடம்கூட அதில் படிந்திருக்கும். நீராவி ஆலையின் வட்ட ரம்பம் அறுத்த பலகையில் வில் போல வளைந்த தடங்கள். அது பிற்காலம்.

சிட்னியில் உள்ள மாநில நூலகத்தில் ஒரு பெட்டி இருக்கிறது. 1818ஐ ஒட்டி நியூகாசிலில் கைதிகள் செய்தது. மக்குவாரியின் பெயரால் அழைக்கப்படுகிறது. மூடியிருந்தால் சாதாரண மரப்பெட்டி. திறந்தால் அடுக்கடுக்காகப் பதப்படுத்திய பறவைகள், பட்டாம்பூச்சிகள், சிப்பிகள், மூடிகளின் உட்புறத்தில் ஓவியங்கள். ஸ்காட்லாந்தில் ஒரு கோட்டை வீட்டில் வெகுகாலம் கிடந்து, 2004இல் நூலகத்துக்கு வந்தது. செய்த கைகள் விலங்கு பூட்டிக் கொண்டுவரப்பட்டவை. அதைப் பார்த்துவிட்டு வந்த அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

நான் செய்த பெரிய தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 2013இல் ஒரு பண்ணைவீட்டுச் சமையலறை அலமாரி 260 டாலருக்குக் கிடைத்தது. மேலே தட்டடுக்கு, கீழே கதவுகள். வெள்ளை, அதன் அடியில் பச்சை, அதன் அடியில் மங்கிய செம்மண் நிறம் என்று பூச்சின்மேல் பூச்சு. உள்ளே நல்ல மரம் இருக்கும் என்ற ஆவலில் இரசாயனம் தடவிச் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மூன்று வாரத்தில் மரத்தைக் கொண்டுவந்துவிட்டேன். மரம் சாதாரணப் பைன். சமையலறைச் சாமான்களை அந்தக் காலத்தில் பூச்சுக்கென்றே செய்தார்கள். பூச்சுதான் அதன் உடை, அடியில் இருந்த செம்மண் நிறம்தான் அதன் முதல் உடை. நூறாண்டுக்கு மேல் ஒரு குடும்பம் மாற்றி மாற்றிப் பூசிய வரலாற்றை நான் குப்பைப் பையில் கட்டி எறிந்துவிட்டேன். இதைவிடக் கொடுமை, 1970க்கு முந்தைய பூச்சில் ஈயம் இருக்க வாய்ப்பு மிக அதிகம். முகமூடிகூட இல்லாமல் அந்தத் தூளைக் கிளப்பியபோது என் மகனுக்கு நான்கு வயது, அதே கொட்டகையில் விளையாடிக்கொண்டிருந்தான். இரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். நல்ல வேளையாக ஒன்றும் இல்லை. பழைய பூச்சை உலர்வாகத் தேய்க்காதீர்கள். சுரண்டலாமா என்று ஐயம் வந்தால் ஓராண்டு அப்படியே வைத்துப் பாருங்கள், பெரும்பாலும் அந்த ஆசை போய்விடும்.

காஸ்டிக் சோடாத் தொட்டியில் முக்கிப் பூச்சு நீக்கிய சாமான்களும் சந்தையில் நிறைய உண்டு. மரம் சாம்பல் படிந்தது போல இருக்கும், மேலே மரநார் மயிர் போல எழுந்து நிற்கும், பொருத்துகள் ஆடும். எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

2014 தொடக்கத்தில் வேலையாக விக்டோரியா மாநிலத்துக்குப் போனபோது பலாரட் பக்கத்தில் ஒரு கடையில் கைகழுவு மேசை ஒன்றைப் பார்த்தேன். சலவைக்கல் மேற்பரப்பு, ஒற்றை இழுப்பறை, பிழையில்லாத வேலை. பழக்கப்படி இழுப்பறையை உருவிக் கவிழ்த்தேன். மரத்தில் கறுப்பு மசியில் ஒரு முத்திரை: 'ஐரோப்பியத் தொழிலாளர் மட்டும்'.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. கடைக்காரர் விளக்கினார், பிறகு நானும் படித்தேன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் மெல்போர்னின் லிட்டில் பர்க் தெருவையும் சுற்றுவட்டாரத்தையும் சேர்ந்த சீனப் பட்டறைகள் மரச்சாமான் தொழிலில் வலுவாக இருந்தன. தங்கம் தேடி வந்து, தங்கம் வற்றியபின் உளி பிடித்தவர்கள் பலர். அவர்களோடு போட்டிபோட முடியாதவர்கள் எழுப்பிய கூச்சல் 1896இல் சட்டமானது. விக்டோரியாவில் செய்யும் மரச்சாமான்களில் அதைச் செய்த தொழிலாளர் யார் என்று முத்திரை குத்த வேண்டும். ஒரே ஒரு சீனர் வேலை செய்தாலும் அந்த இடம் தொழிற்சாலையாகக் கணக்கிடப்பட்டுக் கெடுபிடிக்கு உள்ளாகும். வாங்குபவர் இழுப்பறையைத் திறந்து பார்த்து, செய்த கையின் நிறத்தைத் தெரிந்துகொண்டு முடிவெடுக்கலாம். ஐந்தே ஆண்டுகளில், 1901இல், வெள்ளையர் அல்லாதார் குடியேறுவதைத் தடுக்கும், நாடு முழுவதற்குமான வெள்ளை ஆஸ்திரேலியக் கொள்கை வந்தது.

அந்த இழுப்பறையை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். என் அப்பாவின் கையையும் அந்த முத்திரை வெளியே நிறுத்தியிருக்கும். கடைக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, உண்மையான அக்கறையோடு, "வேண்டுமானால் தேய்த்து எடுத்துவிடுகிறேன், தடமே தெரியாது" என்றார். வேண்டாம் என்றேன். தேய்த்துவிட்டால் அது வெறும் அழகான மேசை. பேரம் பேசாமல் வாங்கிவந்தேன். என் மகன் வளர்ந்தபின் அவனை உட்காரவைத்து அந்த முத்திரையைக் காட்டினேன். முத்திரை, காகிதச் சீட்டு, பென்சில் கிறுக்கல், சாக்கட்டிக் கணக்கு எதையும் துடைக்காதீர்கள். 'சீனத் தொழிலாளர்' என்ற முத்திரையுள்ள சாமானுக்காக இன்றும் தேடிக்கொண்டிருக்கிறேன். அவற்றில் எத்தனை முத்திரைகளை யார் யார் வெட்கப்பட்டோ விலைக்காகவோ இழைத்து எடுத்தார்களோ!

என்னிடம் இருப்பவற்றிலேயே எனக்கு மிகப் பிடித்தது அதே ஆண்டு ஹண்டர் பள்ளத்தாக்கில் ஒரு சிற்றூர் ஏலத்தில் வந்தது. ஏலத்துக்கு முந்தைய நாள் பார்வை நாள். அன்று போகாமல் ஏலத்துக்கு மட்டும் போவது கண்ணைக் கட்டிக்கொண்டு வாங்குவதற்குச் சமம். டார்ச், அளவு நாடா, கையடக்கக் கண்ணாடி, சிறு காந்தம் ஆகியவற்றோடு போனேன். கைப்பிடியில் காந்தம் ஒட்டினால் அது பித்தளை இல்லை, முலாம் பூசிய இரும்பு. கண்ணாடி, அடியில் தலை நுழையாத இடங்களுக்கு.

கொட்டகை மூலையில் அழுக்கேறிய இழுப்பறை அலமாரி ஒன்று நின்றது. மேற்பலகையில் நாற்பது செண்டிமீட்டர் நீளப் பிளவு, மெழுகுவத்தி சுட்ட கருவட்டம், குமிழ் ஒன்று இல்லை, பின்கால் ஒன்று உளுத்திருந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நான் மண்டியிட்டுப் பின்பக்கம் போனேன். நேர்க்கோடான, ஒழுங்கற்ற ரம்பத் தடம். பின்பலகையும் சிடார். ஐந்து இழுப்பறைகளையும் உருவினேன். அடிப்பலகையும் சிடார், பொருத்துகள் ஐந்திலும் ஒரே கை. இழுப்பறை ஓடி ஓடித் தேய்ந்த தடமும் அது ஓடும் சட்டத்தின் தேய்மானமும் ஒன்றுக்கொன்று பொருந்தின. மெருகின்மேல் மறைவான இடத்தில் ஒரு சொட்டு மெத்திலேட்டட் ஸ்பிரிட் வைத்தேன், ஏலக்காரரிடம் கேட்டுக்கொண்டுதான். பிசுபிசுத்தது. அரக்கு மெருகு. நவீன வார்னிஷாக இருந்தால் சட்டென்று இளகாது. அந்தக் காலத்து அரக்கு இந்தியாவிலிருந்து உலகெங்கும் போனது என்பதும் அப்போது நினைவுக்கு வந்தது.

பிளவைப் பற்றி ஒரு சொல். பலகை குறுக்கு வாக்கில் சுருங்கும், நெடுக்கு வாக்கில் சுருங்காது. நூற்றைம்பது ஆண்டுச் சுருக்கத்தில் அகலப் பலகை பிளப்பது இயற்கை. பழைய வட்ட மேசையை இரு திசையில் அளந்தால் வட்டம் சற்று முட்டை வடிவாகியிருக்கும். துல்லிய வட்டமாக இருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

500 டாலருக்கு மேல் போவதில்லை என்று குறிப்பேட்டில் எழுதி அடிக்கோடிட்டு வைத்திருந்தேன். 420க்குச் சுத்தியல் விழுந்தது. அதன்மேல் வாங்குபவர் கட்டணம் 22 சதவீதம், ஆக 512 டாலர் 40 சென்ட். வண்டிக்கூலி 180. முதல்முறை ஏலத்துக்குப் போகிறவர்கள் மறப்பது இந்த இரண்டையும்தான். உங்கள் உச்ச விலையில் இவற்றைக் கழித்துவிட்டு மிச்சத்தைத்தான் கை தூக்க வைத்துக்கொள்ள வேண்டும். கடந்த இருபது ஆண்டுகளாக இந்தக் கரும்பழுப்பு மரச்சாமான்களின் விலை பொதுவாக இறங்கித்தான் இருக்கிறது. வாங்கி விற்று இலாபம் பார்க்க நினைப்பவர்களுக்கு இது வழியல்ல. வீட்டில் வைத்து வாழ நினைப்பவர்களுக்கு இதைவிட நல்ல காலம் இல்லை.

உளுத்த காலுக்காக அதை நேரே வீட்டுக்குள் கொண்டுவரவில்லை. கார் நிறுத்துமிடத்தில் தனியே வைத்து, அடியில் கறுப்புக் காகிதம் விரித்துக் கோடை முழுவதும் கவனித்தேன். துளை இருப்பதாலேயே பூச்சி இருப்பதாகப் பொருளில்லை. வெளிறிய புதுத்தூள் காகிதத்தில் விழுந்தால்தான் உள்ளே உயிர் இருக்கிறது. விழவில்லை. உளுத்திருந்தது வைரம் பாயாத வெளிறுப் பகுதி மட்டுமே, வைரத்தைப் பூச்சி தொடவில்லை.

ஒரே ஒரு குறை. மேலே வலப்பக்கச் சிறிய இழுப்பறை பாதியில் இறுகி நின்றுவிடும். இடப்பக்கத்தது தொளதொள என்று ஆடும். மெழுகு தேய்த்தேன், பயனில்லை. பழுதுபார்ப்பவர் ஒருவர் பக்கவாட்டில் இரண்டு மில்லிமீட்டர் இழைத்துவிட்டால் போதும் என்றார். அப்பாவிடம் கேட்டேன். "இழைப்புளி எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது. நான் வரும்வரை விடு" என்றார். விட்டேன்.

இடையில் டாஸ்மேனியாவுக்கு ஒருமுறை போனோம். அது வேறு உலகம். அங்கே ஹியூவான் பைன். ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவுக்குத்தான் பருக்கும், இரண்டாயிரம் ஆண்டு கடந்தும் வாழும். வெட்டி நூற்றாண்டு ஆன பலகையும் மணக்கும். கறுப்பு மரம் என்று அவர்கள் சொல்லும் அக்கேசியாவைப் பார்த்தபோது என் கணவர் "இது ஊட்டியில் இருக்கிறதே" என்றார். வெள்ளைக்காரர்கள் நீலகிரிக்குக் கொண்டுவந்த அதே மரம்தான். டெலொரெய்ன் பக்கத்து நாட்டுப்புற நாற்காலி ஒன்றை அருங்காட்சியகத்தில் பார்த்தேன். கால் உட்காரும் பலகையைத் துளைத்துக்கொண்டு மேலே போய்க் கைப்பிடியிலேயே முடிகிறது. உட்காருபவரின் எடை பொருத்தை மேலும் இறுக்குகிறது. ஆணியே வேண்டாத அறிவு. வாங்க ஆசைப்பட்டேன், விலை எட்டவில்லை.

பராமரிப்பு எளிது. ஹீட்டருக்கும் ஏசிக்கும் நேர் வெயிலுக்கும் தள்ளி வையுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை தேன்மெழுகு, அதுவும் கொஞ்சமாக. சிலிக்கோன் கலந்த பளபளப்புத் தெளிப்பான்களை வாங்கவே வாங்காதீர்கள், பின்னால் அரக்கு மெருகு பிடிக்காது. பொருத்து விட்டுவிட்டால் கடைப்பசை ஊற்றாதீர்கள். அந்தக் காலத்தில் ஒட்டியது வச்சிரத்தால். வச்சிரம் சூட்டிலும் ஈரத்திலும் இளகும், மறுபடி பிரித்து மறுபடி ஒட்டலாம், அடுத்த தலைமுறைத் தச்சனுக்கும் வழி விடும். ஊருக்கு அனுப்ப நினைப்பவர்கள் முதலில் விசாரியுங்கள். 1986ஆம் ஆண்டின் கலாச்சாரப் பாரம்பரியச் சட்டப்படி சில வகைப் பழம்பொருள்களை நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக அனுமதி வேண்டும்.

அப்பா 2017இல் வந்தார். முழங்கால் வலியோடு இருபது மணி நேரப் பயணம். குளித்துச் சாப்பிட்டுவிட்டு, தூங்கச் சொல்லியும் கேட்காமல், அந்த அலமாரிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தார். இரண்டு சிறிய இழுப்பறைகளையும் உருவிக் கவிழ்த்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு விரலால் தடவினார். பின்சட்டத்தின் அடியில், நான் எத்தனையோ முறை கீறல் என்று நினைத்துக் கடந்துபோன இடத்தில், அவர் விரல் நின்றது. ஓர் இழுப்பறையில் உளியால் வெட்டிய ஒற்றைக் கோடு. இன்னொன்றில் இரண்டு கோடு. பிறகு காலியாக இருந்த கூட்டுக்குள் கையை விட்டுத் துழாவினார். இடப்பக்க அறையின் சட்டத்தில் ஒரு கோடு. வலப்பக்கத்தில் இரண்டு.

"நாங்களும் இப்படித்தான் குறிப்போம்" என்றார். "யாரோ எப்போதோ மாற்றிப் போட்டுவிட்டார்கள்."

ஒற்றைக் கோட்டு இழுப்பறையை இடப்பக்கம் வைத்து விரல் நுனியால் தள்ளினார். சத்தமில்லாமல் உள்ளே போனது. இரண்டு கோட்டு இழுப்பறையை என்னிடம் நீட்டி, "நீ போடு" என்றார்.